அத்தியாயம் ஒன்பது: பிரேக்

குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில்
பெடல் என் காலோடு தரைவரை வந்தது,
ஈரத்துணியை மிதித்ததுபோல்.
பின் சீட்டில் ஐஸ் பெட்டி.
அதில் பதினேழு பேரின் ரத்தம்,
மேட்டுப்பாளையம் லேபுக்கு.
இரண்டாம் கியர், முதல் கியர், ஹேண்ட்பிரேக்,
காட்டுப் பக்கத்து மண்மேடு.
நின்றது.
ஒரு குரங்கு வந்து
பக்கக் கண்ணாடியில் தன் பல்லைப் பார்த்துக்கொண்டது.

கேரட் டெம்போ ஒன்று கயிறு கட்டி
மேலே இழுத்து வந்தது.
"வெள்ளிக்கிழமை பாத்துரலாம்" என்றார் மெக்கானிக்.
எந்த வெள்ளி என்று சொல்லவில்லை.

கோத்தகிரி மார்க்கெட்டுக்குப் பின்னால்
பழைய பேப்பர் கடை.
தேயிலை பேக்டரியின் கணக்கு நோட்டுகளுக்கும்
எட்டாம் வகுப்பு அறிவியலுக்கும் நடுவே
அட்டை போன, எண்ணெய் குடித்த,
என் வண்டியின் பெயரே போட்ட புத்தகம்.
தராசில் வைத்தார். அறுநூறு கிராம்.
"பத்து ரூபா குடுங்க.
எண்ணெய்க் கனத்தைக் கழிச்சாச்சு."

அச்சு இங்கிலீஷ்.
ஓரத்தில் பென்சில், தமிழ்.
அச்சு சமவெளியில் ஓட்டுகிறது,
பென்சில் மலையில்.
"பத்தாம் நம்பர் ஸ்பேனர் என்கிறான். பொய். பன்னிரண்டு."
"டிசம்பரில் சோக்கை முழுசாய் இழு. திட்டாதே."
"சரிவில் நிறுத்தினால் முதலில் கல்.
பிறகுதான் மற்றதெல்லாம்."
நாற்பதாம் பக்கத்தில் 'மழை' என்று மட்டும்.
பெயர் எங்கேயும் இல்லை.
ஆணா பெண்ணா, அதுவும் தெரியாது.
கோபம் வந்தால் எழுத்து இடப்பக்கம் சாயும்,
அவ்வளவுதான் தெரியும்.

ஒன்பதாம் அத்தியாயம்.
ஓரமெல்லாம் வெள்ளை.
ஒரு கோடில்லை, ஒரு திட்டில்லை.
வண்டியை விற்றிருக்கலாம்.
அதற்குமேல் யோசிக்காமல்
பக்கத்தைத் திருப்பினேன்.

அச்சு சொல்கிறது:
'உங்கள் உதவியாளரைப் பெடலை மிதிக்கச் சொல்லவும்.'
எல்லார் வீட்டிலும் ஒருவர்
செருப்பு மாட்டித் தயாராக நிற்பதுபோல்.
அந்த வரியை மூன்று முறை படித்தேன்.
பிறகு கீழ்வீட்டு மாதியைக் கூப்பிட்டேன்.
காளான் படுக்கைக்கு வைக்கோல் நறுக்கிக்கொண்டிருந்தவள்
கையைத் துடைத்துக்கொண்டு வந்து
டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.
முதல் காரியமாக ஹாரன் அடித்தாள்.

முன்சக்கரத்துக்கு இரண்டு கல் கொடுத்து
நான் பின்னால் மல்லாந்தேன்.
ஆஸ்பத்திரி சலைன் குழாய்
அந்தச் சின்ன முனையில்
அளவெடுத்துச் செய்ததுபோல் ஏறி உட்கார்ந்தது.
இது புத்தகத்தில் இல்லை.

மாதி, மிதி.
இன்னொரு தரம்.
பிடி. விடாதே.
திருகைக் கொஞ்சம் தளர்த்தினால்
குமிழி, குமிழி,
பழைய டிகாக்ஷன் நிறத்தில் ஆயில், மறுபடி குமிழி.
மூடியாச்சு. இப்ப விடு.

காற்றுக் குமிழி என்றால் என்னவென்று
ஊசி போடும் கைக்கு
யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மூன்றாம் சக்கரத்தில் மாதிக்குக் கால் மரத்தது.
"இதுக்குப் பேருதான் கார் ஓட்டுறதா?" என்றாள்.
பனிமூட்டம் தேயிலைச் சரிவைத் தின்றுகொண்டே
மேலேறி வந்து
டப்பா மூடியையும் மறைத்தது.
தடவி எடுத்தேன்.
நான்காவது முடிந்தபோது
பெடல் பாதியிலேயே நின்றது, இரும்பாய்.
மாதி இரண்டு காலாலும் மிதித்துப் பார்த்தாள்.

சாவி. எஞ்சின். முதல் கியர்.
வண்டி அசையவில்லை.
உறுமியது, நடுங்கியது, அணைந்தது.
மறுபடியும் அதே.
எதைக் கழற்றினேன்,
எதை மாற்றிப் பூட்டினேன்,
பிரேக்கைத் தொட்டதற்குக் கியர்பாக்ஸ் போகுமா?

டார்ச்சைக் கடித்துக்கொண்டு
கடைசிப் பக்கத்துக் கோளாறுப் பட்டியலைத் தேடினேன்.
'வண்டி நகரவில்லை.'
அச்சில் ஏழு காரணங்கள்.
எட்டாவது பென்சிலில்:
"கல்லை எடுத்தாயா?"

எழுத்து
இடப்பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தது.