நூற்றெட்டு டிகிரியில் ஊமத்தை

சத்துவாச்சாரியில் மே மாதம்
தூரிகை தாளின் அந்தக் கோடிக்குப் போவதற்குள்
இந்தக் கோடி காய்ந்துவிடுகிறது.
நடுவில் வரப்பு விழுகிறது.
இதழில் வரப்பு கிடையாது.
ஆகவே விடிகாலை மூன்றரைக்கு எழுகிறேன்.
பகலெல்லாம் வாங்கிய வெயிலை
பாறைமலை அப்போதுதான்
வட்டியோடு கொடுத்து முடித்திருக்கும்.

நேற்று டியூட்டி முடிந்து வரும்போது
சர்வீஸ் ரோட்டுக் கால்வாய் ஓரம்
நனைந்த குடையை முறுக்கி வைத்ததுபோல்
ஓர் ஊமத்தை மொக்கு.
காம்போடு ஒடித்து வந்தேன்.
"ஜெமிமாக்கா, அது விஷம்" என்றார்
கீழ்வீட்டு மெஹருன்னிசா.
வரையத்தான் என்றேன்.
"வரைய மல்லி கெடைக்கலியா?"

எட்டு மணிக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலில் விரிந்தது.
மறுநாள் வெயில் ஏறினால் தொங்கிவிடும்.
அதற்குள் நான்கு பூச்சு.
ஒவ்வொன்றும் காய வேண்டும்,
பூ காயக் கூடாது.

வெள்ளைப் பூ, வெள்ளைத் தாள்.
பூவை வரைய என்னிடம் எதுவுமில்லை.
பூ இல்லாத இடங்களைத்தான்
ஒவ்வொன்றாக வரைந்து ஒதுக்க வேண்டும்.

பிழைப்பு எக்ஸ்ரே அறையில்.
நாளுக்கு எழுபது நெஞ்சு.
மூச்ச இழுங்க. புடிங்க. விடுங்க.
படத்தில் காற்று கறுப்பு, எலும்பு வெளுப்பு,
மீதி மனிதன் முழுக்க
பேர் வைக்காத சாம்பல்கள்.
அந்தக் கண்ணைத்தான் வீட்டுக்கும் கொண்டுவருகிறேன்.
பாதி மூடினால் நிறம் விலகிப்போகும்,
அடர்த்தி மட்டும் நிற்கும்.
அப்போது தெரிகிறது:
இந்த வெள்ளைப் பூவில் வெள்ளை
விளிம்பில் ஒரு நகத்தளவுதான்.

முதலில் அரிசி களைந்த தண்ணீர் போல ஒன்று.
பூசினேனா என்று எனக்கே சந்தேகம் வரும் அளவுக்கு.
புறங்கையால் தொட்டேன். சில்லென்றால் இன்னும் ஈரம்.
காத்திருந்தேன்.
மடிப்புகளில் ஊதா, அதுவும் கழுவிக் கழுவி.
காத்திருந்தேன்.
தொண்டைக்குள் இறங்கும் பச்சை
எங்கே தொடங்குகிறது என்று கடைசிவரை பிடிபடவில்லை,
தொடங்காமலேயே அடர்த்தியாகிவிடுகிறது அது.

பிறகு, பின்னால் இருக்கும் இலையின் இருட்டு.
கறுப்பு ட்யூப் நான் வாங்கியதே இல்லை.
இண்டிகோவில் பர்ன்ட் சியன்னாவைக் கரைத்து
குழம்புப் பதத்துக்கு வந்ததும்
கை நின்றுவிட்டது.
எப்போதும் இங்கேதான் நிற்கும்.
முந்தைய மூன்று படங்களும்
இந்தப் பயத்தில்தான் சோகை பிடித்துக் கிடக்கின்றன
பீரோவுக்கு மேலே.

வைத்தேன்.
இதழின் ஓரத்தை ஒட்டி, ஒரே இழுப்பில்.
பூ
தாளிலிருந்து ஓர் அங்குலம் முன்னால் வந்தது.

ஃபேன் போட்டால் நிறம் காய்ந்துவிடும் என்று
போடாமல் உட்கார்ந்திருந்தேன்.
அதற்கான கூலி, புருவத்திலிருந்து ஒரு சொட்டு,
சரியாகக் கீழிதழின் ஈரத்தில்.
ஊதாவை நாலாபக்கமும் தள்ளிக்கொண்டு போய்
ஓரத்தில் பல் பல்லாக நின்றது.
ஆஸ்பத்திரியில் என்றால்
அசைஞ்சுட்டீங்க, இன்னொண்ணு எடுக்கலாம் என்பேன்.
இது முந்நூறு கிராம் தாள்.
ஒற்றி எடுக்க பஞ்சைக் கையில் எடுத்தேன்,
எடுத்தபடியே வைத்துவிட்டேன்.

சாவி கொடுக்க இறங்கும்போது
மெஹருன்னிசா படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.
"இங்க பூச்சி அரிச்சிருந்துச்சா?"
ஆமாம் என்றேன்.
"அதான பாத்தேன். அப்படியே எழுதியிருக்க.
கைய சோப்பு போட்டுக் கழுவுனியா?"

கழுவினேன்.
நகக்கண்ணில் இண்டிகோ மட்டும் போகவில்லை.

ஏழரைக்கு முதல் ஆள்,
ராணிப்பேட்டையிலிருந்து வந்தவர், சட்டையைக் கழற்றி நின்றார்.
தோளைப் பிடித்து
பலகையோடு மெல்லச் சேர்த்தேன்.
"சில்லுனு இருக்கும்மா" என்றார்.