தலைக்கு எண்ணூறு

தலைக்கு எண்ணூறு ரூபாய்.
விலையைத் தலையில் கட்டுகிறார்கள்,
நானும் தலைகளைத்தான் எண்ணுகிறேன்.
கியூர்பீப்பில் ஏறியபோது முப்பத்தெட்டு.
எரிமலை வாயை எட்டிப் பார்த்த பின்பும்
ஒருவரும் உள்ளே விழவில்லை, முப்பத்தெட்டு.
கிராண்ட் பாசினில் முப்பத்தொன்பது.
கூடுதல் தலை ஒரு போலந்துக்காரர்.
எல்லாப் பேருந்தும் வெள்ளை,
எல்லார் நெஞ்சிலும் அதே மஞ்சள் ஸ்டிக்கர்,
அவரைக் குறை சொல்ல முடியாது.

டிரைவர் கிளிஃபோர் கடிகாரத்தைத் தட்டுகிறான்.
சிவனுக்குப் பன்னிரண்டு நிமிடம்.
குரங்குகளுக்கென்று நேரம் ஒதுக்கவில்லை,
அவை எடுத்துக்கொள்கின்றன.
ஏழு நிற மண்ணுக்குப் பதினைந்து,
நிறத்துக்கு இரண்டு போக
மிச்சம் ஒன்று கழிவறை வரிசைக்கு.
கப்பல் பொம்மைக் கடைக்கு மட்டும் ஐம்பது.
அங்கே கதவோரம் எனக்கொரு நாற்காலி,
வனிலா தேநீர் ஒரு கோப்பை,
விற்கும் ஒவ்வொரு பாய்மரத்திலும்
நூற்றுக்கு ஏழு.
இதை மைக்கில் சொல்வதில்லை.

மைக்கில் சொல்வது:
இடப்பக்கம் பாருங்கள், கரும்பு.
வலப்பக்கமும் கரும்பு.
பார்க்காமல் விட்டதை
திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.
திரும்பி வருவது வேறு வழி.

அன்று இருபத்திரண்டாம் இருக்கையில்
திருச்செங்கோட்டு போர்வெல் லாரிக்காரர்.
பைப் கம்பெனி இனாமாக அனுப்பிய பயணம்.
பள்ளிக்கூடத்திலும் டிவி தொடர்களிலும் பொறுக்கிய
என் தமிழை அவர்தான் முதலில் மோப்பம் பிடித்தார்.
"ஏனுங்க, காட்டுக்கு நடுவால
கல்லைக் கல்லைக் குமிச்சு வெச்சிருக்காங்களே,
அது எதுக்குங்க?"

எனக்குத் தெரியும்.
பதினோரு நிமிடப் பதில் அது.
மலை துப்பிய கல்லில் தொடங்க வேண்டும்,
கப்பலில் வந்தவர்களின் கட்டைவிரல் ரேகைக்கு வர வேண்டும்,
நகக்கண் பிளந்த கைகள்
ஒரு முழம் மண்ணுக்காக
எத்தனை கல்லைத் தூக்கிப் போட்டன என்று,
சில குவியல் மட்டும் ஏன்
சுவர் வைத்தாற்போல் நேராக நிற்கிறது என்று.

கிளிஃபோர் ஹாரனில் கை வைத்தான்.
"கல்லுங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார்.
ஆயிரம் அடி துளைத்தும் தண்ணீர் வராதபோது
நிலத்துக்காரரிடம் ஆட்டும் தலை
அப்படித்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை
அதே நான், ஏழாயிரம்.
காரில் இரண்டே பேர்.
நேரம் பின்சீட்டில் கால் நீட்டிப் படுத்திருந்தது.
சூரினாமுக்கு முன்னால் நானாகவே நிறுத்தச் சொல்லி
குவியலருகே கூட்டிப்போய்
அந்தப் பதினோரு நிமிடத்தை
இருபத்தைந்தாக நீட்டிச் சொன்னேன்.
அந்த அம்மாள் ஒரு படம் எடுத்தார்.
அவர் கணவர் கேட்டார்,
பக்கத்தில் நல்ல காபி கிடைக்குமா.
தப்பில்லை.
ரசீதில் என் நேரம் மட்டும்தான் இருந்தது,
கேள்வியையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லி
யாரும் எழுதியிருக்கவில்லை.

எல்லாத் தனிப் பயணமும் இப்படியில்லை.
போன ஜூலையில் ஒருத்தி
கிரிகிரிப் பாறைமேல் மூன்று மணி நேரம்
கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
நான் வாயே திறக்கவில்லை.
முழுக்கூலியும் கொடுத்து
கையைப் பிடித்துக்கொண்டாள்.
சும்மா இருப்பதற்கு
பேசுவதைவிட விலை அதிகம் என்று
அன்றுதான் தெரிந்தது.

திங்கள், அலுவலகத்தில் படிவக் கட்டு.
இருக்கை இருபத்திரண்டு.
சாப்பாடு: பரவாயில்லை.
பேருந்து: பரவாயில்லை.
வழிகாட்டி: பரவாயில்லை.
அடியில் கருத்துக் கட்டத்துக்குள்
தாள் கிழியும் அழுத்தத்தில்
ஒரே சொல்:
கல்?

மேனேஜருக்குப் படித்துச் சொன்னேன்.
இது புகாரா, பாராட்டா,
எதில் சேர்ப்பது என்றார்.
கடன் என்று ஒரு கட்டம் இருக்கிறதா என்றேன்.
இல்லை என்றார்.

நாளைக்கு முப்பத்தாறு பேர்.