அழுத்தச் சோதனை

பரீட்சைக் கூடத்துக்குள் நான் நுழைய
ஆறு பெடியன்கள் கதையை நிறுத்தி
ஒரே குரலில் காலை வணக்கம் சொன்னார்கள்.
நரைத்த தலை. பரீட்சகர் என்று நினைத்துவிட்டார்கள்.
ஏழாம் மேசையில் என் இலக்கத்தைத் தேடிப்
பையை இறக்கியதும்தான் ஒருவன் சிரித்தான்,
பிறகு வெட்கப்பட்டு
தன் பென்சிலைச் சீவி என்னிடம் நீட்டினான்.
யானிக். பத்தொன்பது வயது.
அவன் பிறந்த வருடம் இதே வுப்பர்டாலில்
நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒன்பது வருடம் கையாள்.
நீல வானின் பின் சீட்டில்
முழங்காலோடு முட்டும் குழாய்க் கட்டு.
நாலாம் மாடிக்குக் குளியல் தொட்டி தூக்கினேன்,
செம்பு வளைத்தேன், பற்றவைத்தேன்,
அடைத்த கழிவுக்குழாய்க்குள் தோள்வரை கை விட்டேன்.
வேலை முடிய ஒரு தாள் வரும்.
போல்க்கர் பாணைக் கடித்தபடி
அதில் கையெழுத்து வைப்பான்.
அவனில் பிழையில்லை. பத்திரம் அவனிடம்தான் இருந்தது.
கதவு திறக்கும் மனுசிமார்
என் தோளுக்கு மேலால் படிக்கட்டை எட்டிப் பார்த்து
'பிளம்பர் எங்கே?' என்பார்கள்.
'வருகிறார்' என்பேன்.

பரீட்சைக்கு முந்தின மாதம் முழுக்க
சுபோதினி கேள்விக் கொத்தோடு அடுப்படியில் நின்றாள்.
சுடுதண்ணி எத்தனை பாகையில் நிற்க வேண்டும்?
அறுபது.
ஒருவரும் திறக்காத குழாயில் என்ன வளரும்?
அதன் பெயரை அவள்தான் முதலில் பாடமாக்கினாள்.
இப்போது இரண்டு நாள் வெளியே போய் வந்தாலும்
சப்பாத்தைக் கழற்றுமுன்
வீட்டுக் குழாய் எல்லாவற்றையும் ஓட விடுகிறாள்.
தண்ணிக் காசு ஏறுகிறது.

ஏழு மணித்தியாலத்தில் கட்டி முடித்தேன்.
இரண்டு கிளை, ஐந்து வளைவு, ஒரு வால்வு,
மட்டம் வைத்துப் பார்த்தால் குமிழி நடுவில்.
திருமதி ஹுல்ஸ்மன் பம்பை அடித்து
மணிக்கூட்டைத் திருப்பி வைத்தார்.
பத்து நிமிடம். முள் அசையக் கூடாது.

முள்ளைப் பார்த்தபடி நின்றேன்.
மூன்றாம் நிமிடம்
சத்தம்தான் முதலில் வந்தது.
டிக் என்று ஒன்று. மேசைத் தகரத்தில்.

இரண்டாம் வளைவு. இடது பக்கம்.
அந்த இணைப்பை நான் அழுத்த மறந்திருந்தேன்.
மறந்தால் கசிய வேண்டும் என்றே
அதைச் செய்தவர்கள் செய்திருக்கிறார்கள்.
சுவருக்குள் போகுமுன்
தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும் சாமான்.

எங்கள் பாஷையில் கசிவது நல்ல சொல்.
சன்னிதியில் கண் கசிந்தால் பக்தி,
பிள்ளையைப் பார்த்து நெஞ்சு கசிந்தால் பாசம்.
இங்கே கசிந்தால் பன்னிரண்டு புள்ளி.

'நான் அழுத்தவில்லை' என்றேன்,
அவர் கேட்குமுன்.
கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். எழுதினார்.
பிறகு கருவியை என் பக்கம் தள்ளினார்.
அழுத்தினேன். மறுபடி பத்து நிமிடம்.
பக்கத்து மேசையில் யானிக்
தன் முள்ளை விட்டு என் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அறுபத்தொரு புள்ளி. சித்தி.

திங்கட்கிழமை, பார்மனில் ஒரு நிலவறை.
கொதிகலனுக்குப் பக்கத்தில் கம்பியில் தொங்கும்
பழுத்த அட்டையில்
தொண்ணூற்றிரண்டாம் ஆண்டின் ஒரு பெயர்.
அந்த மனுசன் வால்வைத் தலைகீழாகப் பூட்டியிருக்கிறான்.
ஒரு மணித்தியாலமாக அவனைப் பெயர் சொல்லித் திட்டினோம்,
போல்க்கர் ஜெர்மனில், நான் தமிழில்.
மடையன், மடையன்.

வேலை முடிய போல்க்கர் பேனையை
என்னிடம் எறிந்துவிட்டு மேலே போனான்.
அட்டையில் பெயரை முழுசாக எழுதினேன்,
பதினாறு எழுத்தும், நிதானமாக.
இருபது முப்பது வருடத்தில் எவனோ ஒருவன்
டோர்ச் அடித்து இதை வாசிப்பான்,
நான் விட்ட பிழையைக் கண்டுபிடித்து
பெயர் சொல்லித் திட்டுவான்.
திட்டட்டும்.
மடையன் என்றால் மடை திறப்பவன் என்று
யாரோ சொல்லக் கேட்டிருக்கிறேன்.
உண்மையோ தெரியாது.
உண்மையென்றால் அதுவும் தொழிற்பெயர்தான்.