ஏழு நிமிடம் பதினெட்டு விநாடி

படிவத்தில் ஒரு கட்டம்:
1996 முதல் 2008 வரை என்ன வேலை?
ஓடினேன் என்று எழுதினேன்.
தாலின் டிராம் அலுவலகத்து மார்யு
கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி
யாரிடமிருந்து என்றாள்.

நூறு மீட்டர், அம்மா.
எஸ்தோனியச் சட்டை போட்டு நாற்பத்திரண்டு பந்தயம்.
ஹெல்சின்கியிலிருந்து திரும்பும் கப்பலில்
காபி ஆறுவதற்குள் ஒருமுறை கூட்டிப் பார்த்தேன்.
எல்லாம் சேர்த்து
ஏழு நிமிடம் பதினெட்டு விநாடி.
பன்னிரண்டு வருடம்,
தொடைத் தசை இரண்டு முறை கிழிந்தது,
மகள் எலேயின் முதல் இரண்டு பிறந்தநாள்,
ஒரு திருமணத்தின் பெரும்பகுதி,
எல்லாம் ஒரு முட்டை வேகும் நேரத்துக்கு.

குளிர்காலத்தில் கத்ரியோர்க் பக்கம்
பழைய கிடங்கு ஒன்றில் ஓடுவோம்.
அறுபது மீட்டரில் சுவர்.
சுவரில் ராணுவ மெத்தைகளைக் கட்டியிருப்பார்கள்.
முழு வேகத்தில் போய் மோதுவோம்.
நிற்பதற்கென்று யாரும் பயிற்சி தரவில்லை.
தைலமும் டீசலும் கலந்த அந்த வாடை
எங்காவது வந்தால் இன்றும்
கெண்டைக்கால் தானாக இறுகுகிறது.

புடாபெஸ்ட் அந்தக் கணக்கில் சேராது.
ஆறாம் தடம். மழை விட்டுப் பத்து நிமிடம்.
முதல் தப்பு ஐந்தாம் தடத்து பெல்ஜியனுடையது;
அன்றைய விதிப்படி முதல் தப்பு எல்லோருக்கும் பொது,
இரண்டாவது செய்தவன் தலையில்.
மறுபடி குனிந்தோம். இடுப்பு உயர்ந்தது.
பிறகு நான் எதையோ கேட்டேன்.
துப்பாக்கி என்றுதான் இப்போதும் சொல்வேன்.
கருவி சொன்னது 0.094.
காது கேட்டுக் கால் நகர
பத்தில் ஒரு விநாடியாவது வேண்டுமாம் மனிதனுக்கு.
ஆயிரத்தில் ஆறு குறைகிறது.
ஆகவே நான் கேட்கவில்லை, ஊகித்தேன்.
முந்து முந்து என்று வளர்த்தவனை
முந்திவிட்டான் என்று வெளியே அனுப்பினார்கள்.
என் உடைக்கூடையை ஏந்திக்கொண்டு
ஒரு தன்னார்வச் சிறுமி
சுரங்கப்பாதை வரை பின்னாலேயே ஓடிவந்தாள்.
பெல்ஜியன் மூன்றாவதாக வந்தான்.

அதற்குப் பின்னும் மூன்று பருவம் ஓடினேன்.
வெடித்த பிறகும்
பக்கத்துத் தடத்தில் ஆணிச் செருப்பு உராய்கிறதா என்று
காத்திருந்து கிளம்புவேன்.
எல்லோருடைய முதுகும் எனக்குத் தெரியும்.
போர்ச்சுகல்காரனுக்கு இடது தோளில் மச்சம்.

மார்யு என்னை இருட்டறையில் உட்கார வைத்தாள்.
சிவப்பு எரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும்.
அறுபது முறை.
சராசரிக்கும் மந்தம் என்றாள்,
தாளைத் திருப்பினாள்.
ஆனால் விளக்குக்கு முன்னால்
ஒருமுறைகூட அழுத்தவில்லையே நீங்கள்,
இங்கே வருகிறவர்கள் எல்லோரும் அழுத்துவார்கள்.
முத்திரை குத்தினாள்.

இப்போது கோப்லி தடம்.
ஈரத் தண்டவாளத்தில் எங்கே பிரேக் தொட்டால்
எங்கே நிற்கும் என்று
நாற்பத்தாறு வயதில் தெரிந்துகொண்டேன்.

நேற்று மாலை பால்டிக் நிலைய நிறுத்தம்.
கதவை மூடப்போகையில் பக்கக் கண்ணாடியில் ஒருத்தி.
ஒரு கையில் மீன் பை, கனத்த காலணி,
சாலையெங்கும் பாதி உருகிய பனி.
முழங்கால் உயரவில்லை,
கை மார்புக்குக் குறுக்கே வெட்டுகிறது,
தலை ஆடுகிறது, எல்லாமே தப்பு.
திறந்தே வைத்தேன்.
பின்னால் லாரிக்காரன் ஹார்னை அழுத்திப் பிடித்தான்.
பன்னிரண்டு. பதினான்கு. நடுவில் வழுக்கி நிமிர்ந்தாள். இருபது.
ஏறியவள் என்னைப் பார்க்கவில்லை.
இரண்டு நிறுத்தம் வரை மூச்சு வாங்கியபடி
பையில் பயண அட்டையைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

கோப்லி சேர்ந்தபோது ஒன்றரை நிமிடம் தாமதம்.
பதிவேட்டில் காரணம் என்று ஒரு கட்டம்.
பனி என்று எழுதினேன்.