தோன்றா எழுவாய்

ஈக்காட்டுத்தாங்கல். இரவுப் பணி.
திரையின் அடியில் ஓடும் வரி என்னுடையது.

"குண்டு வீசிக் கொன்றனர்" என்று அடித்தேன்.
வேதாசலம் சார் எட்டிப் பார்த்து
"வெடித்ததில் இறந்தனர்" ஆக்கினார்,
குண்டு தானே பஸ் பிடித்து வந்ததுபோல.
"வரி சின்னதாயிடுச்சு பாரு."

போன வாரம் எல்லைக்கு அந்தப் பக்கம் விழுந்தபோது
கொன்றவனுக்குப் பெயர் இருந்தது,
செத்த பிள்ளைக்கு வயது,
புத்தகப்பையின் நிறம்கூட.
இன்றைக்கு வெறும் நாற்பத்தொன்று.
மீன்சந்தை இருந்த இடத்துக்குப் பெயர்
'இலக்கு'.

நாலு மணி. டீக்கடை டிவியில் அதே வரி.
பால் ஆற்றியபடி சகாயம் அண்ணாந்து படிக்கிறான்:
"யாருண்ணே போட்டது?"

சில்லறை தேடுவதுபோல்
சட்டைப்பையைத் துழாவுகிறேன்.
"ஜிபே இருக்குண்ணே" என்கிறான்,
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.