குதிரைக்கு எண் கிடையாது

புந்தா அரெனாஸில் இரவு பதினொன்று நாற்பது.
காற்று நூற்றுப்பத்தைத் தொட்டதால்
துறைமுகத்தை மூடிவிட்டார்கள்.
நாளைக் காலை படகில்லை.
நீரிணையின் இரு கரையிலும்
யாரும் டிக்கெட் எடுக்கப்போவதில்லை.
அந்தத் தைரியத்தில்தான்
மைக்ரேஷனை ஓட்டினேன்.

முப்பத்தேழாவது பைல். இரண்டே வேலை:
வண்டிகளின் அட்டவணையில்
'வகை' என்றொரு பத்தி சேர்;
ஒரே எண் இரண்டு முறை வராதபடி பூட்டு.
சேர்த்தது.
பூட்டப் போன இடத்தில் விழுந்தது.
மறுபடி ஓட்டினால்
பத்தி ஏற்கெனவே இருக்கிறதாம்.
பேரேட்டிலோ முப்பத்தாறு வரைதான் பதிவு.
ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

எல்லாம் ஒரே பக்கத்தில் நடக்கும் செயலி.
அந்த ஒரு பக்கமும் வெள்ளையாக நிற்கிறது,
நடுவில் ஒரு வளையம்
சுற்றிக்கொண்டே.

யெர்கோ நாற்காலியை இழுத்துப் போட்டான்.
"அந்தப் பைலையே ரெண்டு வரி திருத்திடலாம்."
எந்தப் பைலை?
இங்கே பாதி ஓடியதையா,
போர்வெனீரில் ஒட்டிலியா நேற்றே
முழுசாக ஓட்டி முடித்ததையா?
கரையை விட்ட படகுக்குக்
கரையில் நின்று பெயிண்ட் அடிக்க முடியாது.
(இதைச் சொல்லவில்லை.
"கையை எடு" என்றேன்.)

பின்வாங்கும் வழியைத் தேடினால்
அங்கே காலி. ஒரு குறிப்பு மட்டும்:
"தேவைப்படாது. இ.மா., மார்ச்."
இக்னாசியா மான்சியா.
நான்தான்.

முதலில் நகல் எடுத்தோம்.
பிறகு கேட்டோம்: எந்த எண் இரட்டித்தது?
குதிரை.
குதிரை.
பதினொரு இடத்தில் குதிரை.
இன்னும் இரண்டில், ஒரே ஆள்,
"எண் இல்லை ஐயா, குதிரை."

யெர்கோ சிரித்தான். "அழிச்சிடவா?"
வண்டி எண் கட்டாயம் என்று
சிவப்பு நட்சத்திரம் வைத்தது நாங்கள்.
தியெரா தெல் ஃபுவேகோவின் மேய்ப்பர்கள்
பொய் சொல்லவில்லையே.

கட்டாயத்தைத் தளர்த்தினேன்.
குதிரைகளை ஒவ்வொன்றாக
'வகை'க்குள் நடத்திப் போனேன்.
எண்ணை வெறுமையாக விட்டேன்.
வெறுமைகள் எத்தனை சேர்ந்தாலும்
ஒன்றோடொன்று மோதுவதில்லை;
டேட்டாபேஸுக்கு அந்தப் பெருந்தன்மை உண்டு.
பூட்டு சத்தமில்லாமல் விழுந்தது.
பேரேட்டில் முப்பத்தேழை
என் கையாலேயே எழுதினேன்,
கொஞ்சம் கூச்சத்தோடு.
செய்ததையெல்லாம் முப்பத்தெட்டாவது பைலில் வைத்தேன்,
இம்முறை திரும்பும் வழியோடு.

இரண்டேகால் மணிக்கு
வளையம் நின்றது, பக்கம் வந்தது.
மேலே சிவப்புப் பட்டை: துறைமுகம் மூடல்.

யெர்கோ மேலங்கியை மாட்டியபடி கேட்டான்:
"ஆமா, குதிரைக்கு எவ்வளவு கட்டணம்?"
கட்டண அட்டவணையைத் திறந்தேன்.
கார், லாரி, மோட்டார் சைக்கிள்.
கீழே ஒன்றுமில்லை.