பதினொரு நாள்

பெட்டியை வளையத்தின் மேல் கவிழ்த்ததும்
கியூன்னே காற்று போகும் பக்கமாய் நகர்ந்துகொள்கிறாள்.
முதல் விதி: கருவியருகே மூச்சுவிடக் கூடாது.
மண் விடுகிற மூச்சைத்தான் எண்ணுகிறோம்,
எண்ணுகிறவள் மூச்சு அதில் கலக்கக் கூடாது.

கொசுக்கள் அந்த விதியைப் படித்ததில்லை.
வலைக்குள் ஒன்று, மூக்குக்குள் ஒன்று.
நாட்குறிப்பில் எழுதுகிறாள்:
“2.20. தும்மினேன். இந்த அளவை நீக்கவும்.”

போன ஜூனில் ஒரு குதிரை.
உய்பானின் மந்தையிலிருந்து பிரிந்து வந்த பழுப்புப் பெட்டை
குழாயில் மூக்கை வைத்து
நிதானமாக ஊதியிருக்கிறது.
யாகுத்ஸ்கில் திரையின் உச்சியில் போய் முட்டியது கோடு.
“உறைமண் உடைந்துவிட்டதா?” என்று தொலைபேசி.
“இல்லை, குதிரை.”
நிரலுக்குக் குதிரையைத் தெரியாது.
பிழை என்று நறுக்கிப் போட்டது.

லார்ச் மரங்களுக்கு மேலே கோபுரம்
நொடிக்குப் பத்து முறை காற்றை மறித்து விசாரிக்கும்:
எவ்வளவு கொண்டுவந்தாய், எவ்வளவு கொண்டுபோகிறாய்.
கோடைப் பகலில் காட்டுக்கு வரவு, இரவில் செலவு.
இடுப்பாழம் தோண்டினால் பனி.
அதற்குள் மாமூத் மேய்ந்த காலத்துப் புல்
இன்னும் மக்காமல்,
யாரும் கைவைக்காத முதல்.

ஆகஸ்டில் தீ.
சூரியனை வெறுங்கண்ணால் பார்க்க முடிந்தது.
சூரியத் தகடுகளில் சாம்பல் படிந்து கோபுரம் அணைந்தது.
அவள் பதினொரு நாள்
மண்வெட்டியோடு தீக்கோடு வெட்டப் போயிருந்தாள்.
ஓடைக்கு அப்பால் தீ நின்றுவிட்டது,
ஏனென்று யாருக்கும் தெரியாது.

பனிக்காலத்தில் மாதிரியின் முடிவு வந்தது.
இடைவெளிகளை நிரப்பியிருந்தார்கள்.
முன்னால் ஏழு நாள், பின்னால் ஏழு நாள்,
அதற்குள் ஒரு சராசரி.
பதினொரு நாளும் காடு
தூங்கும் குழந்தையின் வயிறுபோல
ஏறி, இறங்கி.
ஓரத்தில் மட்டும் பொடியாய் ஓர் எண்: 2.
இரண்டு என்றால் அளந்ததல்ல, ஊகித்தது.

அந்த இரண்டைப் பற்றிக் கூட்டத்தில்
யாரும் மூச்சுவிடவில்லை.
தப்பென்று சொல்ல அவளிடமும் எண் இல்லை.
இருமல் இருந்தது,
பிப்ரவரிவரை.

மறுபடி ஜூன். பெட்டி கவிழ்ந்திருக்கிறது.
சுற்றிலும் பார்த்துவிட்டுக் குனிகிறாள்,
நெஞ்சின் அடியிலிருந்து
ஒரே ஒரு மூச்சு.
கோடு துள்ளுகிறது.

“3.05. குதிரை.”
நீக்கவும் என்று
எழுதவில்லை.